கிணற்றிற் பங்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையுமில்லை, ஆறுமில்லை என்பது அங்குள்ள பிள்ளைகள் புவியியற் பாடத்தில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் செய்தி. அச்செய்தியோடு, 'ஆகவே பார்ப்பதற்கும் அங்கு ஒன்றுமில்லை' என்ற முடிவைப் பிள்ளைகள் தாமாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். கோப்பாய்க்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றிலிருந்து பேராதனைக்கு வந்து, கலைப்பீடத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்ற மாணவனொருவனும் அவ்வாறே எண்ணியிருந்தான். விடுதிச் சாளரத்தைத் திறந்தால் ஹந்தானை மலையின் முகில் தெரியும். விரிவுரை மண்டபத்துக்கு நடந்தால் மகாவலியின் ஓசை கேட்கும். 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆற்றின் கிளைகளை எல்லாம் படம் பாராமலே வரைந்து காட்ட அவனால் முடிந்தது. இயற்கை என்றாலே அவன் மனத்தில் எழுந்தது மலைநாடுதான். ஊர் என்பது விடுமுறைக்குப் போய்த் தூங்கி எழும் இடமாக இருந்தது.

ஒருநாள் பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் ஒவ்வொரு மாணவரிடமும் அவரவர் ஊரின் நீர்நிலையைப் பற்றிக் கேட்டார். தோட்டத்திலிருந்து வந்த மாணவி பாறையிடுக்கிலிருந்து விழும் பீலியைப் பற்றிச் சொன்னாள். வன்னி மாணவன் குளத்தையும் அதன் கட்டையும் வான்கதவையும் விவரித்தான். முறை தன்னிடம் வந்தபோது அவன் 'கிணறு' என்றான். "அந்தக் கிணற்றில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பிலே யாரும் சிரிக்கவில்லை. எனினும் பிறந்த நாள்முதல் தான் குடித்த தண்ணீரைப் பற்றிய அவ்விரு சிறு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் நின்ற அந்தக் கணம் அவனை விட்டு நீங்கவில்லை.

ஆவணி விடுமுறைக்கு அவன் வீடு சென்றபோது அங்கேயும் பேச்சு கிணற்றைப் பற்றியதாகவே இருந்தது. அவனுடைய பேரனார் தம் இளவயதில் அயலவர் மூவரோடு சேர்ந்து, கல்லுக்கு வெடி வைத்து, அலவாங்கால் உடைத்து வெட்டிய தோட்டக் கிணறு அது. ஆழம் இருபத்தேழு அடி. குடாநாட்டுக் காணி உறுதிகளில் நிலத்தின் பரப்பையும் எல்லைகளையும் சொன்ன பின்னர், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனித்து எழுதப்படுவது வழக்கம். இக்கிணற்றிலும் நான்கு குடும்பங்களுக்கு நான்கிலொரு பங்கு வீதம் உறுதியில் உண்டு. இன்று பங்காளரில் ஒருவர் கனடாவில் இருக்கிறார். இன்னொருவருடைய காணி குத்தகைக்காரரின் கையில் இருக்கிறது. மூன்றாமவர் அயல் வளவிலேயே வெங்காயம் செய்கிறார். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் முறை வைத்து இறைத்த கிணற்றில் இப்போது மூன்று இயந்திரங்கள் நேரம் காலமின்றி ஓடுகின்றன. ஆடி பிறந்தால் தண்ணீர் சவர்க்கத் தொடங்கிவிடுகிறது.

தந்தையார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "திங்கட்கிழமை மெசின் வருது, தம்பி. வளவுக்குள்ள நூறடிக்குக் குழாய்க்கிணறு அடிச்சால் ஒருத்தரோடயும் பங்கு பறையத் தேவையில்லை" என்றார். முற்பணமும் கொடுத்தாயிற்று. மகனுக்கு அதைக் கேட்டதும் மனத்தில் ஏதோ உறுத்தியது. ஆனால் பாடப்புத்தகத்தோடு வந்து தகப்பனுக்குப் பாடம் சொல்லும் பிள்ளையாக நிற்க அவனுக்கு விருப்பமில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்த மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர் அவர். அன்றியும், தான் படித்ததிலே அவனுக்கே முழு உறுதி இருக்கவில்லை. ஆகவே அவன் மௌனமாக இருந்தான்.

ஆடி அமாவாசைக்குக் காய்ச்சலினாற் கீரிமலைக்குப் போக முடியவில்லை என்ற குறை தந்தையாருக்கு இருந்தது. சனிக்கிழமை ஒருதரம் போய் முழுகிவிட்டு வரலாம் என்றார். மகன் அதனை ஒரு நாட்பயணமாக விரித்தான். நிலாவரை, கீரிமலை, தொண்டைமானாறு, மணற்காடு என நான்கு இடங்கள். எல்லாம் சேர்த்து நூறு கிலோமீற்றர் அளவிலான வழி. "உங்கையெல்லாம் பாக்க என்ன கிடக்கு?" என்று தந்தையார் கேட்டார். கேட்டாலும், விடிவதற்கு முன் எழுந்து, மாற்று வேட்டியையும் துவாயையும் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறியமர்ந்தார்.

கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதியில் வடக்கே சென்றால் நீர்வேலி வரும். இருபுறமும் வாழைத் தோட்டங்கள்; செம்மண். அதிகாலை வெளிச்சத்தில் அம்மண்ணின் நிறம் செங்கல்லைப் பொடித்துத் தூவியது போலிருந்தது. அம்மண்ணுக்குக் கீழே சில அடிகளில் கல் தொடங்குகிறது. மயோசீன் காலத்தில் கடலின் அடியிலே படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத குகைகளையும் கால்வாய்களையும் அமைத்திருக்கிறது. ஆண்டுதோறும் இங்கு பெய்யும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிற் பெய்து தீர்ந்துவிடும். மாரியில் மாத்திரம் ஓடி அராலியருகே கடல்நீரேரியிற் சேரும் வழுக்கியாற்றைத் தவிர, அந்த மழையை ஏந்திச் செல்ல வலிகாமத்தில் வேறு ஆறில்லை. எஞ்சியதை நிலமே உட்கொள்கிறது. ஆறு இல்லாத நாடு என்பதிலும் ஆறு நிலத்துக்குக் கீழே போய்விட்ட நாடு என்பது பொருந்தும்.

அந்த நிலத்தின் கூரை ஓரிடத்தில் இடிந்து விழுந்ததனால் உண்டான திறப்பே நிலாவரை. புத்தூரிலிருந்து மேற்கே சிறிது தூரத்தில், வீதியோரத்தில், சதுரமாகக் கட்டிய பெருங்கிணறு போல அது இருக்கிறது. இராமபிரான் தம் படையின் தாகம் தீர்க்க அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். அடிகாண முடியாத கிணறு என்று ஊரார் சொல்வர். நூறடிக்கும் மேற்பட்ட ஆழமுடையது என்பதும், மேற்பரப்பில் நன்னீராக இருப்பது ஆழம் செல்லச் செல்ல உவராக மாறுகிறது என்பதும் அளந்து அறியப்பட்டவை. அந்த வறட்சியிலும் நீர் கரும்பச்சையாக, அசைவின்றி நின்றது. படியில் இறங்கி ஒரு கையால் அள்ளி வாயில் விட்டுப் பார்த்த தந்தையார், "மேல நல்லாத்தான் இருக்கு" என்றார். 'மேலே' என்ற அந்தச் சொல்லை மகன் மனத்திற் குறித்துக்கொண்டான்.

நிலாவரையிற் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்றொரு கதை அப்பகுதியில் உண்டு. சிறுவயதிலே தாமும் அதை நம்பி ஒரு தேசிக்காயைப் போட்டதாகத் தந்தையார் வழியிற் சொன்னார். பின்னாலிருந்து வந்த அக்குரலில், மகன் அதுவரை அறியாத ஒரு சிறுவன் ஒளிந்திருந்தான்.

சுன்னாகத்தைக் கடக்கும்போது பேச்சு நின்றது. அச்சுற்றாடலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை அறியாதவர் அங்கில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஊரூராகக் கிணறுகளை மூடிவிட்டு, வீதியோரத் தாங்கிகளில் மக்கள் தண்ணீருக்குக் காத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பாயிற்று. ஓரிடத்து மண்ணில் ஊறிய எண்ணெய், வேலிகளையும் எல்லைக் கற்களையும் பொருட்படுத்தாது, தொலைவிலுள்ள வீட்டுக் கிணறுகளைச் சென்றடைந்தது. எலுமிச்சம்பழக் கதையை உண்டாக்கிய முன்னோர் அறிந்திருந்ததும் இதுவேயாகும்: கிணறுகள் பல, தண்ணீர் ஒன்று.

காங்கேசன்துறை வீதியால் மாவிட்டபுரம் வரை சென்று மேற்கே திரும்பினால் கீரிமலை. போகும் வழியெங்கும், 1990இல் மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்த வளவுகள். சிலவற்றிற் புதுவீடுகள் எழுந்திருந்தன. சிலவற்றிற் கூரையற்ற சுவர்களுக்குள்ளே மரங்கள் வளர்ந்திருந்தன. காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டளவிலிருந்து 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் தோண்டிய பெருங்குழிகளும் இப்பகுதியிலேயே உள்ளன. நாட்டிற் பல வீடுகளும் பாலங்களும் எழுவதற்கு இந்த நிலத்தின் கல் சென்றது. அந்தக் கல் ஏந்தியிருந்த தண்ணீரின் கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

கீரிமலைக் கேணி கடலுக்கு ஒரு சுவர் தூரத்தில் இருக்கிறது. அலை வந்து மோதும் கல்லுக்கு இப்பால் நன்னீர் ஊற்றுப் பொங்குகிறது. உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லின் வழியாக இறங்கி வந்த மழைநீர் கடலிற் சேருமுன் ஒருமுறை வெளியே தலைகாட்டும் இடம் அது. தந்தையார் படியில் இறங்கி மூன்றுமுறை முழுகினார். பின் ஈரவேட்டியோடு நெடுநேரம் கடலைப் பார்த்து நின்றார். அவருடைய தகப்பனார் இறந்தது 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தையில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கீரிமலையிற் செய்ய அன்று வழியிருக்கவில்லை. கிடைத்த ஒரு நீர்நிலையின் கரையில் கிரியையை முடித்தார்கள். அதன்பின் போக முடிந்த காலத்திலும், ஏனோ, ஆடி அமாவாசைகள் ஒவ்வொரு காரணத்தாலே தவறிப்போயின. "அப்புவுக்கு இந்தத் தண்ணியெண்டால் உயிர்" என்று மாத்திரம் அவர் சொன்னார். மகன் துவாயை நீட்டினான். கேணியிலே தேசிக்காய் ஏதும் மிதக்கவில்லை.

வந்த வழியே சுன்னாகம் வரை திரும்பி, புத்தூர், ஆவரங்கால் கடந்து அச்சுவேலிக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே தேநீர் குடித்துவிட்டுத் தொண்டைமானாற்றுக்குச் சென்றார்கள். ஆறு என்று பெயர் இருந்தாலும் அது ஆறன்று. வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு கலக்கும் வாய். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான் அதனை வெட்டி ஆழமாக்கினான் என்பது மரபுவழிச் செய்தி. கரையிற் செல்வச்சந்நிதி முருகன் கோயில். வாயின் குறுக்கே, கடல்நீர் உட்புகாமலும் மழைநீர் வீணே வெளியேறாமலும் தடுப்பதற்கென இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட தடுப்பணை நிற்கிறது.

அந்த அணையின் மேல் நின்றபோது மகன் தான் படித்த ஒன்றைச் சொன்னான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டம் அது. ஆனையிறவுக் கடல்நீரேரியின் கடல்வாய்களை அடைத்து, வன்னியிலிருந்து வரும் மழைநீரை அங்கே தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகளால் மறித்து வைத்தால், உவராகிப்போன நிலமும் கிணறுகளும் காலப்போக்கில் இனிக்கும் என்பது அதன் கருத்து. வேலைகளிற் சில நடந்தன, சில நின்றன, முழுத்திட்டம் இன்னும் நிறைவேறவில்லை. "நான் பள்ளிக்கூடம் போன நாளில இருந்து கேக்கிற கதை" என்று தந்தையார் சிரித்தார். சிறிது பொறுத்து, "உப்பாறு எங்கட தோட்டத்துக்குக் கிழக்கால தானே கிடக்கு" என்றார். தம் கிணற்றுக்கும் தாம் நிற்கும் அணைக்கும் உள்ள உறவை அவர் தாமே கண்டுபிடித்த நேரம் அது. மகன் அதன்மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

வல்வெட்டித்துறையையும் பருத்தித்துறையையும் கடந்து தென்கிழக்கே திரும்பியதும் நிலத்தின் தோற்றம் மாறியது. செம்மண் மறைந்தது, கல் மறைந்தது, எங்கும் வெண்மணல். வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டினார்கள். பிராமி எழுத்துப் பொறித்த பொற்சாசனம் ஒன்று 1936இற் கண்டெடுக்கப்பட்ட ஊர் அது. வசப மன்னன் காலத்தது என ஆய்வாளர் கொள்ளும் அச்சாசனம், மணல் மூடிய அவ்விடத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று. அப்பால் மணற்காடு. காற்றுக் குவித்த மணற்குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல்வரை செல்கின்றன. பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மணலிற் பாதி புதைந்து நிற்கின்றன. சவுக்கந்தோப்பிற் காற்றின் இரைச்சல் ஓயவில்லை. மலையில்லாத நாட்டில் ஒரு மலை வேண்டுமென்று காற்றே முயன்று பார்த்தது போன்ற இடம். பேராதனையில் மூன்றாண்டுகள் மலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அது வியப்பாகவே இருந்தது.

சில குன்றுகளின் பக்கங்கள் வெட்டுண்டு கிடந்தன. லொறிச் சில்லுகளின் தடங்கள் தெரிந்தன. வீடு கட்டும் மணலுக்காகக் குன்றுகள் களவாக ஏற்றப்படுவதைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருவனவே.

குன்றுகளுக்கு இடையிலிருந்த பள்ளமொன்றில் வயதான பெண்ணொருவர் பூவலிலிருந்து சிரட்டையால் தண்ணீர் அள்ளிக் குடத்தில் வார்த்துக்கொண்டிருந்தார். கையால் மணலைத் தோண்டிய சிறுகுழி. ஆழம் இரண்டு முழத்துக்கு மேலிராது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். தந்தையார் தண்ணீர் கேட்டார். அவர் குடத்தைச் சரித்து வார்த்தார். இளநீர் போன்ற சுவை.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினால் கனக்கத் தண்ணி எடுக்கலாமே, ஆச்சி?" என்று தந்தையார் கேட்டார்.

"ஆழத் தோண்டப்படாது, மோனை. கீழ சவர் கிடக்கு. மேலால நல்ல தண்ணி மிதக்குது. ஆறுதலா அள்ளினால் ஊறித் தரும். அவசரப்பட்டால் கடல் வந்திடும்" என்று அவர் சொன்னார். 2004ஆம் ஆண்டுக் கடல்கோளின்போது கடல் மேலால் வந்ததையும், பின்னர் பூவல்களெல்லாம் உப்பாகக் கிடந்ததையும், மாரிகள் பெய்து கழுவிய பின்னரே பழைய சுவை திரும்பியதையும் அதே தணிந்த குரலிற் சொன்னார். அக்கடலிலே யாரை இழந்தார் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கடலோர நிலங்களில் நன்னீர், தன் பாரக்குறைவினால், உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பதடி உப்புநீர் உயரும். ஒல்லாந்தரான கைபென் என்பவரும் ஜேர்மனியரான ஹேர்ட்ஸ்பேர்க் என்பவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டறிந்த விதி இது. மகன் அதனைச் சூத்திரமாகப் பரீட்சைத்தாளில் எழுதியவன். ஆனால் அச்சூத்திரம் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றியது என்பது அந்தப் பூவலின் கரையில் அமர்ந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இப்போது அவன் தயங்காமல், மணலில் விரலாற் கோடிட்டு, அதனைத் தந்தைக்கு விளக்கினான். ஆச்சியும் குனிந்து பார்த்தார். "உதைத்தானே நானும் சொன்னன்" என்றார். உண்மைதான்.

தந்தையார் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், குன்றின் நிழலிலிருந்தபடி, தமது பன்னிரண்டாம் வயதில் நடந்ததொன்றைச் சொன்னார். வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வராமல் நிறுத்தப்பட்டு, குடாநாட்டுத் தோட்டக்காரர் கையிற் காசு புழங்கிய எழுபதுகளின் நடுப்பகுதி. அயலிற் பலர் இயந்திரம் வாங்கினார்கள், கிணறுகளை ஆழமாக்கினார்கள். தாமும் ஆழமாக்குவோம் என்று பங்காளர் மூவரும் வற்புறுத்தினர். பேரனார் ஒருநாள் கயிற்றிற் கட்டி இறங்கி, அடிக்கல்லைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தார். "இதுக்குக் கீழ கடல். நான் கடலை வெட்ட மாட்டன்" என்றாராம். மற்றவர்கள் கோபித்தார்கள். அவ்வாண்டு அவர்களுடைய தறைகள் அரைவாசி காய்ந்தன. பயந்த மனிதர் என்று ஊரார் சொன்னதைக் கேட்டுத் தமக்கும் அன்று வெட்கமாக இருந்ததாகத் தந்தையார் சொன்னார்.

"இவ்வளவு காலமும் நான் அதை நினைச்சுப் பாக்கேல்லை" என்றார்.

அந்திப்பொழுதில் வீடு திரும்பினார்கள். வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. காலையிற் கண்ட அதே செம்மண் வெளி, அதே வாழைத் தோட்டங்கள். ஆனால் கண்ணுக்குப் புலப்பட்ட நிலத்துக்குக் கீழே இன்னொரு நிலம் இப்போது அவர்களோடு கூடவே வந்தது. நிலாவரையில் அசையாது நின்றதும், கீரிமலையிற் பொங்கியதும், தொண்டைமானாற்றில் மறிக்கப்பட்டதும், பூவலில் ஊறியதும், மாரிதோறும் அதே வானம் தந்து அதே கடல் கீழிருந்து தாங்கும் தண்ணீரே. நூறு கிலோமீற்றர் பயணம் செய்து அவர்கள் சென்றடைந்த ஐந்தாவது இடம் தங்கள் சொந்தக் கிணறு.

ஞாயிறு காலை தந்தையார் பழைய துலாக்கயிறொன்றை எடுத்தார். ஓரடிக்கு ஒரு முடிச்சாக இருவரும் சேர்ந்து முடிந்தார்கள். நுனியிற் கல்லைக் கட்டி இறக்கினார்கள். நனைந்த முடிச்சுகளை எண்ணியபோது ஏழும் அரையுமாக இருந்தது. ஏழரை அடி என்று மகன் கொப்பியில் எழுதி, திகதியும் இட்டான். அதன்பின் தந்தையார் குழாய்க்கிணறு அடிப்பவரோடு தொலைபேசியிற் பேசினார். மாரி கழியட்டும், அப்போது பார்ப்போம் என்றார். முற்பணத்தைத் திரும்பத் தரமுடியாது என்று மறுமுனையிற் சொல்லப்பட்டது. அது சிறுதொகை அன்று. ஒரு தறை வெங்காய விதைக்குரிய காசு.

"அப்ப இந்தக் கோடைக்கு என்ன செய்யப் போறியள்?" என்று தாயார் கேட்டார். அது நியாயமான கேள்வி. தந்தையாரிடம் அதற்கு ஆயத்தமான விடை இருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படலையைத் திறந்து, அயல் வளவுப் பங்காளரிடம் போனார். பழையபடி முறை வைத்து இறைப்பது, மூன்று இயந்திரங்களும் ஒரே பொழுதில் ஓடாமற் பார்ப்பது, உப்பாற்றுப் பக்கத்துத் தறைகளில் இம்முறை வெங்காயத்தைக் குறைப்பது என்பனபற்றிப் பேச்சு மத்தியானம் வரை நீண்டது. குத்தகைக்காரர் முற்றாக உடன்படவில்லை. கனடாவிலுள்ள பங்காளருக்குச் செய்தி அனுப்பினார்கள். 'பார்த்துச் செய்யுங்கோ' என்று மாத்திரம் மறுமொழி வந்தது. உறுதியில் எழுதிய பங்கு உரிமையாக மாத்திரம் இருந்த காலம் போய், மீண்டும் ஒரு பொறுப்பாக மாறத் தொடங்கிய நாள் அது எனலாம். அது நிலைக்குமோ என்பதை அடுத்த கோடைகளே சொல்லவேண்டும்.

விடுமுறை முடிந்து மகன் பேராதனைக்குத் திரும்பினான். மகாவலி பாலத்தடியில் வழமைபோல ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்து தொலைபேசி வரும். முன்பெல்லாம் 'சாப்பிட்டியோ, தம்பி?' என்று தொடங்கும் தந்தையார் இப்போது வேறுவிதமாகத் தொடங்குகிறார்.

"ஏழடி. இன்னும் மழை இல்லை" என்றார், புரட்டாதியில் ஒருநாள்.

மகன் கொப்பியை எடுத்துத் திகதியிட்டு எழுதிக்கொண்டான்.

ஐப்பசி நடுவில் வந்த அழைப்பிலே, அவர் பேசுவதற்கு முன்பே, தகரக்கூரையில் மழை விழும் ஓசை கேட்டது.